பை கொள்ளும் அளவும் பை தாங்கும் அளவும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் சுமை தூக்கி வாழ்வோரின் தொழில், பலரது கவனத்துக்கும் எட்டாத வகையில் மாறி வருகின்றது. நெல் மூடையைத் தோளில் சுமந்து லொறியில் ஏற்றும் காலம் முற்றாக மறைந்துவிடவில்லை. மருதமுனை, கல்முனை முதல் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை அறுவடைக் காலங்களில் அக்காட்சியை இன்றும் காணலாம். ஆயினும், ஏறத்தாழ ஒரு தொன் பொருளைக் கொள்ளக்கூடியதும் நான்கு மூலைகளிலும் தூக்கும் காதுகள் தைக்கப்பட்டதுமான பெரிய நெய்த பைகள் அதனருகே வந்து சேர்ந்துள்ளன. உரக் களஞ்சியங்கள், அரிசி ஆலைகள், கட்டட வேலைத்தளங்கள், மணல் நிரப்பும் இடங்கள் என எங்கும் பயன்படக்கூடிய இப்பையை நம்மவர்கள் ஜம்போ பை என்றே அழைக்கின்றனர்.

இயந்திரம் தூக்கும் பை வந்தால் மனிதனின் முதுகெலும்பு தப்பும் என்பதில் ஐயமில்லை. அந்த வகையில் இது வரவேற்கப்பட வேண்டிய மாற்றமே. ஆனால் முதுகிலிருந்து இறங்கிய சுமை இப்போது தலைக்கு மேலே தொங்குகின்றது என்பதை நாம் போதிய அளவு சிந்தித்திருக்கின்றோமா? அந்தப் பை எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பதை அதை நிரப்புபவரோ, தூக்கும் இயந்திரத்தை ஓட்டுபவரோ, கீழே நின்று காதுகளைக் கொக்கியில் மாட்டுபவரோ அறிந்திருக்கின்றாரா? இவ்வினாவுக்கு நேர்மையாக விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பழைய மூடையைப் பார்ப்போம். ஒரு புசல் நெல்லின் நிறை 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20.9 கிலோ கிராம் ஆகும். மூன்று புசல் நெல்லை ஒரே சாக்கில் அடைத்தால் அது 62 கிலோவைத் தாண்டிவிடும். சர்வதேச தொழில் அமைப்பு 1967 ஆம் ஆண்டில், ஒரு தொழிலாளி சுமக்கக்கூடிய ஆகக்கூடிய நிறை தொடர்பாக 127 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அதனுடன் வெளியிடப்பட்ட 128 ஆம் இலக்கப் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவருக்கான எல்லை 55 கிலோவுக்கு மேற்பட்டதாக இருப்பின் அதனை விரைவில் அவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்று கூறுகின்றது. அயல்நாடான இந்தியா இச்சமவாயத்தை 2010 ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியது. அரை நூற்றாண்டுக்கும் முன்னர் உலகம் ஏற்றுக்கொண்ட அந்த எல்லையை ஒரு மூன்று புசல் மூடையே மீறிவிடுகின்றது.

ஆயினும் அந்தப் பழைய முறையில் ஒரு வசதி இருந்தது. மூடையின் நிறையைச் சுமப்பவரின் உடலே அளந்து சொல்லிவிடும். தராசு இல்லாவிட்டாலும், அளவுக்கு மிஞ்சிய மூடையைத் தூக்கும் முன்னரே நாட்டாமைத் தொழிலாளி அதனை உணர்ந்துகொள்வார். சக தொழிலாளியை உதவிக்கு அழைப்பார், அல்லது மறுத்து விடுவார். ஜம்போ பையிலோ அந்த உணர்வுக்கு இடமில்லை. பையைத் தூக்கும் இயந்திரம் முறையிடுவதில்லை. பையும் அறுந்து விழும் கணம் வரை எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். உடல் அளந்து சொன்னதை இனி ஓர் எண்ணே சொல்ல வேண்டியுள்ளது. அந்த எண்ணைக் கணிப்பதும் வாசிப்பதும் மதிப்பதும் உயிர் காக்கும் காரியங்களாகிவிட்டன.

முறையாகத் தயாரிக்கப்பட்ட ஒவ்வொரு ஜம்போ பையிலும் ஒரு சிட்டை தைக்கப்பட்டிருக்கும். அதில் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. ஒன்று, பாதுகாப்பான வேலைச் சுமை. அதாவது அந்தப் பையில் ஏற்றித் தூக்கக்கூடிய ஆகக்கூடிய நிறை. பெரும்பாலும் இது 1000 கிலோ என்றோ அதற்குச் சற்றுக் கூடக் குறையவோ இருக்கும். மற்றையது பாதுகாப்புக் காரணி. இது ஐந்துக்கு ஒன்று அல்லது ஆறுக்கு ஒன்று என எழுதப்பட்டிருக்கும். நமது ஊர்களில் புழங்கும் பைகளில் இச்சிட்டை அநேகமாக ஆங்கிலத்திலோ பை தயாரான நாட்டின் மொழியிலோ இருப்பதால், அது வாசிக்கப்படாமலே போய்விடுகின்றது.

இங்குதான் முதலாவது தவறு நேர்கின்றது. பை நிரம்பினால் அதுவே சரியான அளவு என்று நாம் எண்ணிவிடுகின்றோம். பை கொள்ளும் அளவு வேறு. பை தாங்கும் அளவு வேறு. முன்னையது கன அளவைப் பொறுத்தது. பின்னையது நிறையைப் பொறுத்தது. இரண்டையும் இணைப்பது உள்ளே இடப்படும் பொருளாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அடிப்பக்கம் 90 சென்ரிமீற்றர் நீளமும் 90 சென்ரிமீற்றர் அகலமும், உயரம் 120 சென்ரிமீற்றரும் கொண்ட ஒரு பையின் கன அளவு ஒரு கன மீற்றருக்குச் சற்றுக் குறைவானது. சரியாகச் சொன்னால் 0.97 கன மீற்றர். ஒரு கன மீற்றர் நெல்லின் நிறை ஏறத்தாழ 575 கிலோ. ஆகவே அந்தப் பையை நெல்லால் நிரப்பினால் 560 கிலோ அளவிலேயே நிற்கும். அரிசியால் நிரப்பினால் ஏறத்தாழ 750 கிலோ ஆகும். யூரியா உரமும் அவ்வளவுக்குக் கிட்டவே வரும். 1000 கிலோவுக்கென உரிய தரத்தில் செய்யப்பட்ட புதிய பையாயின் இவை யாவும் எல்லைக்குள் அடங்குகின்றன. அதே பையை உப்பால் நிரப்பினால் 1150 கிலோவைத் தாண்டக்கூடும். காய்ந்த மணலாயின் 1550 கிலோ. ஈர மணலாயின் 1850 கிலோ வரை செல்லும். நெல்லுக்கு வெகு தாராளமாகப் போதுமாயிருந்த பை, அதே மட்டம் வரை ஈர மணலை ஏற்றும்போது அனுமதிக்கப்பட்ட சுமையை ஏறக்குறைய இரு மடங்கால் மீறிவிடுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ இரண்டும் ஒரே நிரம்பிய பைதான்.

இதில் இன்னுமொரு நுட்பமும் உண்டு. சதுர வடிவில் தைக்கப்பட்ட பை, பொருள் நிரம்பும்போது நாற்புறமும் வீங்கி வட்டமாகின்றது. சுற்றளவு மாறாதிருக்கச் சதுரம் முழு வட்டமானால் அதன் பரப்பு நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் கூடும் என்பது பாடசாலைக் கணிதமே. உண்மையான பை அவ்வளவு முழுமையாக வட்டமாவதில்லை எனினும், நாம் கணித்த கன அளவைவிடக் கூடுதலாகவே கொள்ளும். ஆகவே மேற்கூறிய நிறைகளையும் குறைந்தபட்ச மதிப்பாகவே கொள்ள வேண்டும்.

இக்கணக்கைத் திருப்பிப் போட்டால் நடைமுறைக்கு உகந்த ஒரு விடை கிடைக்கின்றது. 1000 கிலோ தாங்கும் பையில் ஈர மணல் இடுவதாயின், ஒரு கன மீற்றர் ஈர மணல் 1900 கிலோ என்ற கணக்கில், இடக்கூடியது 0.53 கன மீற்றர் மட்டுமே. பையின் அடிப்பரப்பால் வகுத்தால் உயரம் 65 சென்ரிமீற்றர் வரும். அதாவது 120 சென்ரிமீற்றர் உயரமுள்ள பையில் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ள வேண்டும். பை வீங்குவதையும் கருத்திற் கொண்டு 60 சென்ரிமீற்றரில் ஒரு கோட்டை வரைந்துவிட்டு, அதற்கு மேல் நிரப்பக்கூடாது என்று கூறினால், எழுத்தறிவு குறைந்த தொழிலாளியும் அதனை எளிதாகப் பின்பற்றலாம். முதலாவது பையைத் தராசில் நிறுத்து அந்தக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். அரிசி ஆலைகளில் தராசுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது தவறு, பாதுகாப்புக் காரணியைப் பிழையாக விளங்கிக்கொள்வதாகும். ஐந்துக்கு ஒன்று என்றால், ஒரு தொன் பை உண்மையில் ஐந்து தொன் தாங்கும். ஆகவே இரண்டு தொன் ஏற்றுவதில் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்போர் உளர். ஐந்து தொன் என்பது புதிய பையொன்று பரிசோதனைக் கூடத்தில் காட்டும் பலமாகும். சர்வதேச நியமங்களுக்கான அமைப்பு 2004 ஆம் ஆண்டில் இப்பைகளுக்கென வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 21898 என்னும் நியமத்தின்படி, ஒரு முறைப் பாவனைக்குரிய பை அனுமதித்த சுமையின் இரு மடங்கில் 30 தடவைகள் இழுக்கப்பட்டு, அதன் பின்னர் ஐந்து மடங்கையும் தாங்கிக் காட்ட வேண்டும். பல முறை பாவிக்கக்கூடிய ஆறுக்கு ஒன்று வகைப் பையோ நான்கு மடங்கில் 70 தடவைகள் இழுக்கப்பட்டு ஆறு மடங்கைத் தாங்க வேண்டும். இந்த உபரிப் பலம் நாம் செலவழிப்பதற்காக வைக்கப்பட்ட மிச்சமன்று. நாம் முன்கூட்டி அறிய முடியாத ஆபத்துகள் எடுத்துக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்ட பங்காகும்.

அந்த ஆபத்துகள் எவை? முதலாவது வெயில். இப்பைகள் பொலிபுரொப்பிலீன் இழையால் நெய்யப்படுபவை. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் அவ்விழையைப் படிப்படியாக உடையச் செய்கின்றன. குறித்த நேரம் புறஊதா ஒளியில் வைத்துச் சோதித்த பின்னர் பை தன் பலத்தில் பாதியையேனும் தக்கவைத்திருக்க வேண்டும் என்பதே மேற்படி நியமத்தின் எதிர்பார்ப்பு. தரமான பையே பாதிப் பலத்தை இழக்க இடமுண்டு என்றால், கல்முனைக் கடற்கரை வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பையின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது உதறல். இயந்திரம் சடுதியாகத் தூக்கும்போதோ, இறக்கும்போது திடீரென நிறுத்தும்போதோ, காதுகளின் மீது விழும் இழுவை பையின் நிறையைவிடக் கூடிவிடும். மூன்றாவது சாய்வு. நான்கு காதுகளும் நிலைக்குத்தாக நிற்கும்போது ஒரு தொன் சுமையில் ஒவ்வொன்றும் 250 கிலோவைத் தாங்கும். நான்கையும் ஒரே கொக்கியில் குறுக்கி மாட்டி, அவை நிலைக்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்துவிட்டால் ஒவ்வொன்றின் மீதும் 500 கிலோ இழுவை விழும். அவசரத்தில் இரண்டு காதுகளை மட்டும் மாட்டித் தூக்கினாலும் இதே விளைவுதான். அத்துடன் பை ஒருபுறம் சரியவும் செய்யும்.

இவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்போம். ஐந்து தொன் பலத்துடன் வந்த பை வெயிலில் பாதியை இழந்து 2.5 தொன்னுக்கு இறங்கியுள்ளது. அதில் விளிம்பு வரை ஈர மணல் நிரப்பியதால் சுமை 1.85 தொன். பெக்கோ இயந்திரம் அதனைச் சற்று வேகமாக உயர்த்தியதால் இழுவை ஒன்றரை மடங்காகின்றது என்று வைத்துக்கொண்டால் 2.78 தொன். பை அறுகின்றது. எவரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று நம்பியிருந்தது மூன்று சிறு அலட்சியங்களில் கரைந்துவிட்டது. அந்நேரத்தில் கீழே ஒருவர் நின்றிருந்தால், அவரது குடும்பத்துக்கு எந்தக் கணக்கும் ஆறுதல் தராது.

பழைய பைகளின் விற்பனையையும் இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. ஐந்துக்கு ஒன்று வகைப் பைகள் ஒரு முறை நிரப்பி ஒரு முறை வெறுமையாக்குவதற்காகவே தயாரிக்கப்படுபவை. இறக்குமதிப் பொருட்களுடன் வந்து வெறுமையான பின்னர் அவை கைமாறி விற்கப்படுகின்றன. குறைந்த விலை என்பதால் வாங்குவோரைக் குறை கூறுவதற்கில்லை. நிலத்தில் வைத்துப் பொருள் சேமிப்பதற்கு அவற்றைப் பாவிப்பதில் அறுந்து விழும் ஆபத்து இல்லை. ஆனால் முன்னர் எத்தனை தடவை தூக்கப்பட்டது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, உள்ளே என்ன இருந்தது என்பன தெரியாத ஒரு பையைத் தலைக்கு மேல் உயர்த்துவது, குருட்டுத்தனமாக உயிரைப் பணயம் வைப்பதாகும். உரமோ இரசாயனமோ வந்த பையில் உணவுத் தானியம் இடுவது இன்னொரு தீங்கு.

நமது கரையோரத்துக்கு இவ்விடயம் மேலும் ஒரு வகையில் நெருக்கமானது. 2008 ஆம் ஆண்டில் கட்டுமானம் ஆரம்பமாகி 2013 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் பின்னர், அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டு, ஒலுவில், நிந்தவூர் மக்கள் தென்னந்தோட்டங்களையும் காணிகளையும் இழந்த துயரம் நாடறிந்தது. சாய்ந்தமருது, மாளிகைக்காடு கரைகளிலும் கடலரிப்பு மக்களை வாட்டி வருகின்றது. இத்தகைய வேளைகளில் முதலில் கைக்கொள்ளப்படும் பரிகாரம் மணல் நிரப்பிய பைகளை அடுக்குவதாகும். இதற்கென்றே தடித்த புவித்துணியால் செய்யப்படும் பைகளும், சாதாரண ஜம்போ பைகளும் ஒன்றல்ல. மேலே கண்ட கணக்கு இங்குதான் மிகக் கடுமையாகப் பொருந்துகின்றது. உள்ளே இடப்படுவது ஈர மணல், வெயிலோ ஓயாதது, வேலையோ அலை வருமுன் முடிக்க வேண்டிய அவசர வேலை. தவறான பையைத் தேர்ந்தெடுத்தால், நிரப்பும்போது தொழிலாளிக்கும், அடுக்கிய சில காலத்தில் பை கிழிந்து மணல் கடலோடு போகும்போது பொதுமக்களின் பணத்துக்கும் சேதம் நேர்கின்றது.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், சங்கிலி, கயிறு மற்றும் தூக்கும் உபகரணங்கள் அவற்றின் பாதுகாப்பான சுமைக்கு மேல் பாவிக்கப்படலாகாது என்ற கோட்பாட்டை உடையது. வேலையின்போது விபத்துக்குள்ளாகும் தொழிலாளிக்கு இழப்பீடு வழங்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி செய்துள்ளது. நாட்கூலிக்கு வந்தவர் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று கருதிவிடலாகாது. ஆனால் விபத்தின் பின்னர் சட்டத்தைத் தேடுவதைவிட விபத்துக்கு முன்னர் சிட்டையை வாசிப்பது எளிது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

ஆலை உரிமையாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் கூறும் நியாயங்களையும் நாம் செவிமடுக்க வேண்டும். பாதியளவு நிரப்பினால் பைகளின் எண்ணிக்கை கூடும், பயணங்கள் கூடும், செலவு கூடும் என்கின்றனர். இது உண்மையே. 2021 ஆம் ஆண்டின் இரசாயன உர இறக்குமதித் தடையும் அதனைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியும் நெற்செய்கையை நம்பிய இப்பிரதேசத்தை எவ்வளவு பாதித்தன என்பதை நாம் மறந்துவிடவில்லை. மறுபுறம், நெல்லுக்கும் அரிசிக்கும் இக்கட்டுப்பாட்டால் மேலதிகச் செலவு ஏதும் இல்லை. அவை எல்லைக்குள்ளேயே உள்ளன. செலவு கூடுவது மணலுக்கும் உப்புக்கும் மட்டுமே. அங்கும் அந்த மேலதிகச் செலவை ஏற்க மறுத்தால், அதே செலவைத் தொழிலாளியின் உயிரின் மீது சுமத்துகின்றோம் என்பதே பொருள். மூடைக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு எனக் கூலி பேசும் முறையும் அளவுக்கு மிஞ்சி நிரப்பத் தூண்டுகின்றது. நிறையின் அடிப்படையில் கூலி தீர்மானிக்கப்பட்டால், ஒரே பையில் திணிக்க வேண்டிய தேவை இரு தரப்புக்கும் இராது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரும் முதலீட்டை வேண்டுபவையல்ல. சிட்டை இல்லாத பையைத் தூக்குவதில்லை என்ற ஒரு விதியை ஒவ்வொரு ஆலையும் களஞ்சியமும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சிட்டையிலுள்ள எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி, நிரப்பும் கோட்டையும் வரைய வேண்டும். நான்கு காதுகளையும் மாட்டாமல் தூக்குவதும், தொங்கும் பையின் கீழ் எவரும் நிற்பதும் தடுக்கப்பட வேண்டும். கடலரிப்புத் தடுப்பு வேலைகளுக்குக் கேள்விப்பத்திரம் கோரும் அரச நிறுவனங்கள், பையின் வகை, தாங்கும் நிறை, நிரப்பும் உயரம், வெயிலைத் தாங்கும் தன்மை ஆகியவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டும். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு பொறியியல் பீடத்தைக் கொண்டுள்ளது. நமது சந்தையில் விற்கப்படும் புதிய, பழைய பைகளின் பலத்தைச் சோதித்து முடிவுகளை மக்கள் மொழியில் வெளியிடுவது, மாணவர்களுக்குப் பயிற்சியாகவும் ஊருக்குச் சேவையாகவும் அமையும். கமக்காரர் அமைப்புகளும் வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் அத்தகவலைத் தொழிலாளர்களிடம் கொண்டு சேர்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பை அளவுக்கு மிஞ்சி நிரம்பியுள்ளது, இதனை நான் தூக்கமாட்டேன் என்று கூறும் தொழிலாளி அடுத்த நாள் வேலை இழக்காதிருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாவிடின் சிட்டையும் கோடும் அலங்காரமாகவே எஞ்சும்.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டிய உண்மை. பணியாளர் மீது அவர்களால் இயலாததைச் சுமத்த வேண்டாம், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்பது நபிகளாரின் போதனை. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்து, ஒரே வயல் நெல்லை ஒரே லொறியில் ஏற்றும் இம்மண்ணில், இவ்விரு போதனைகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எதிர்வரும் அறுவடைக்கு முன்னராவது, நமது ஆலைகளிலும் கரையோர வேலைத்தளங்களிலும் பொறுப்பிலுள்ளோர் ஒரு பையை எடுத்து அதன் சிட்டையை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.